சுரைக்குடுவையில் ஒரு தப்பு

"வலது பக்கம் பாருங்க. இந்தப் படிக்கட்டுலதான் மல்லாக்கப் படுக்க வெச்சு, நெஞ்சைப் பொளந்து, துடிக்கத் துடிக்க இதயத்தை எடுப்பாங்க."

ரெனான் அல்கோசெர் மைக் இல்லாமலே முழங்கினான். பதினோரு செல்போன்கள் ஒரே நேரத்தில் வலது பக்கம் திரும்பின.

"அது மழைத்தண்ணி வடியறதுக்குக் கட்டின படி, மேடம்" என்று எர்மிலா மேடத்தின் காதில் சொன்னேன். "இதயத்தை அதுல வெச்சா வழுக்கிக்கிட்டே அடுத்த ஊருக்குப் போயிடும்."

"சும்மா இரு, சாயோ. டிக்கெட் வாங்கினவங்க ரத்தம் கேக்கறாங்க, அவன் ஊத்தறான்."

எர்மிலா துயுப், வயது ஐம்பத்துநாலு. இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். எந்தப் பிள்ளை வரவில்லை, ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்துப் பழகிப்போய், ஓய்வுக்குப் பிறகு வயதோலித் நகரில் ஒரு மாடி அறையை எடுத்துக்கொண்டு காணாமல் போன பெரியவர்களைத் தேட ஆரம்பித்தார். நான் நாசாரியோ கோகோம். 'சாயோ' என்றால்தான் திரும்பிப் பார்ப்பேன். உதவியாளன், ஓட்டுநர், மேடம் கொறிக்கப் பூசணி விதை வாங்கி வருபவன், திட்டு வாங்குபவன் எல்லாம் நானே.

நாங்கள் இஷ்கானல் இடிபாடுகளைப் பார்க்க வந்தது பொழுதுபோக்குக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை இதே வேனில் ஒரு சுற்றுலாக் கூட்டம் இங்கே வந்தது. வழிகாட்டி நெய்தி கானுல், ரெனானின் மனைவி. வேனும் கம்பெனியும் ரெனானுடையவை. "எல்லாரும் நிழல்ல உக்காருங்க, குகைக்கிணறு திறந்திருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று போனவள் வரவே இல்லை. கிணற்று விளிம்பில் அவள் தொப்பி கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு சுரைக்குடுவை, இரண்டு மெழுகுவர்த்தி, எரிந்த சாம்பிராணி. மழைத்தெய்வத்துக்கு வைக்கும் படையல்.

போதாதா? மே மாதம் முடியப் போகிறது, விதைத்த மக்காச்சோளம் மண்ணுக்குள் வெந்துகொண்டிருக்கிறது, ஒரு சொட்டு மழை இல்லை. ஊரின் மழைப் பூசாரி சிப்ரியானோ பலாம், அதற்கு முந்தின வாரம்தான் பத்துப் பேர் முன்னால் நெய்தியிடம் கத்தியிருந்தார், வெயில் களிம்பு பூசியவர்களைக் கிணற்றில் இறக்காதே என்று. "பலி குடுத்துட்டான்! என் பொண்டாட்டியை மழைக்குப் பலி குடுத்துட்டான்!" என்று ரெனான் அலறினான். போலீஸ் பூசாரியை ஊர் லாக்கப்பில் போட்டது. முக்குளிப்பவர்கள் ஒரு நாள் முழுக்கக் கிணற்றைத் துழாவினார்கள். உடல் கிடைக்கவில்லை.

இன்று வியாழன். மூன்று மணிக்கு மெரிடாவிலிருந்து போலீஸ் வண்டி வருகிறது. அதில் சிப்ரியானோ ஏறிவிட்டால், 'நரபலிப் பூசாரி' என்ற பெயரோடுதான் நகரத்தில் இறங்குவார். அப்படி இறங்கும் ஒரு காட்டுவாசிக்கு எந்த நீதிபதி காது கொடுப்பார்? வழக்கு நடக்க நாலு வருஷம், தண்டனை முப்பது வருஷம். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதல்ல.

எங்களை அமர்த்தியதே ரெனான்தான். "உடம்பையாவது கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று நேற்று வந்து அழுதான். 'ஆளை' என்று சொல்லவில்லை, 'உடம்பை' என்றான். நான் அப்போதே அவனைக் குறித்துக்கொண்டேன்.

"நேத்து அழுதவன் இன்னைக்கு வேன் ஓட்டிக்கிட்டு வந்து கதை விடறான் பாருங்க" என்றேன்.

"கேளு. இன்னும் இருக்கு."

இருந்தது. ரெனான் குரலைத் தாழ்த்தி, பதினோரு பேரையும் கிட்டே கூப்பிட்டு, "அந்தக் காலத்துக் கதைன்னு நெனைக்காதீங்க. முந்தாநாள் என் மனைவி… இதே இடத்துல…" என்று நெஞ்சில் கை வைத்தான். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தாள். இரண்டு பேர் படிக்கட்டை மறுபடி படம் எடுத்தார்கள்.

மேடம் நேராக அவனிடம் போனார்.

"ஒரு சின்னக் கேள்வி, ரெனான். மழைப் படையல்ல என்னென்ன வைப்பாங்க?"

"கோழி வைப்பாங்க, சாராயம் வைப்பாங்க, சாக்லேட்டு கூட இருக்கும்னு நெனைக்கறேன்… எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் டவுன்காரன். அந்தக் காட்டுப்பய வேலையெல்லாம் அந்தப் பூசாரியைக் கேளுங்க."

"குடுவையில என்ன இருந்துச்சு?"

"ரத்தமா இருக்கும்."

மேடம் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"இவன்தான் கொன்னுட்டுப் பூசாரி தலையில கட்டறான்" என்றேன். "எழுதி வெச்சுக்கோங்க."

"எதை வெச்சுக் கட்டுவான், சாயோ? குடுவைன்னா என்னன்னே தெரியாதவன். இவன் ஜோடிச்சிருந்தா ஒரு கோழியை அறுத்துப் போட்டிருப்பான், அரை பாட்டில் சாராயம் ஊத்தியிருப்பான். வா, கிணத்துக்குப் போவோம்."

குகைக்கிணறு இடிந்த கோயிலுக்குப் பின்னால். பாறை வாய் பிளந்து, உள்ளே ஐம்பதடி ஆழத்தில் பச்சைத் தண்ணீர். அதைத் தாண்டி ஒரு ஒற்றையடிப் பாதை காட்டுக்குள் போகிறது. காவல்காரர் உவால்தோ, ரெனான் வருகிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி எங்களுக்கு இடத்தைக் காட்டினார்.

"தொப்பி இங்க கெடந்துச்சுங்க. குடுவை அதோ."

அதோ என்றது பாதையில் பத்தடி தள்ளி. மண்ணில் மெழுகு உருகிய வட்டம் இரண்டு, நடுவில் குடுவை உட்கார்ந்த பள்ளம்.

"கம்பு நட்டு மேடை கட்டியிருந்தாங்களா?" என்று மேடம் கேட்டார்.

"இல்லைங்க. வெறும் தரையில. பாதைக்கு நட்ட நடுவுல."

"சாயோ, நேரா நட."

நடந்தேன். மெழுகு வட்டத்துக்கு ஒரு முழம் முன்னால் என் கால் நின்றுவிட்டது.

"ஏன் நின்னே?"

"படையல் வெச்ச பாதை, மேடம்."

"படையலை எடுத்து ரெண்டு நாள் ஆச்சு."

"எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியல."

நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன், ஆனால் உண்மையாகவே என்னால் அடி எடுத்து வைக்க முடியவில்லை. படையல் வைத்த இடத்தைத் தாண்டினால் காற்று அடித்துவிடும், காய்ச்சலில் கிடப்பாய் என்று நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவன். செல்போன் வைத்திருக்கிறேன், இரண்டு தடுப்பூசி போட்டிருக்கிறேன், ஆனாலும் முடியவில்லை.

"உவால்தோ அண்ணே, செவ்வாய்க்கிழமை ஊர்க்காரங்க இந்தப் பக்கம் தேடினாங்களா?" என்றார் மேடம்.

உவால்தோ என் காலைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். "கிணத்துலதான் தேடினோம், அம்மா. தொப்பி அங்கதானே இருந்துச்சு. அன்னைக்கு இந்தப் பாதையில வந்தது விறகோட வந்த பூசாரி மட்டும்தான்."

"குடுவையை யாரு எடுத்தா?"

"மெரிடாலேருந்து வந்த போலீஸ்காரர். எங்காளு எவனும் தொடல. ஊர்த்தலைவர் ஆபீஸ்ல வெச்சிருக்கு. மூடின இலையைக்கூட நாங்க தூக்கிப் பாக்கல."

மேடம் பாதையையும் மெழுகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார். விதை உடைப்பதை நிறுத்திவிட்டார். அவர் விதை உடைப்பதை நிறுத்தினால் நான் பேசக்கூடாது என்பது ஒப்பந்தம்.

ஊர்த்தலைவர் அலுவலகம் ஒரு ஒற்றை அறை. மின்விசிறி, கொடி, காலண்டர், அலமாரி மேல் குடுவை. ஊர்த்தலைவர் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். மேடம் மூடியிருந்த இலையை எடுத்தார். குப்பென்று புளித்த வாடை.

"சாயோ, நீ மழைப் படையல்ல நின்னிருக்கியா?"

"நின்னிருக்கேனாவா? மேடைக்கு அடியில நாலு காலுக்கும் நாலு பசங்களைக் கட்டி வெச்சு, மழை வர்ற வரைக்கும் தவளை மாதிரிக் கத்தச் சொல்வாங்க. நான் மூணு வருஷம் தென்கிழக்குத் தவளை, மேடம். என் குரலுக்கு நல்ல மழை வந்திருக்கு."

"அப்ப மோந்து பாரு, தவளை. இது என்ன?"

குனிந்து முகர்ந்தேன். முதலில் ஒன்றும் தோன்றவில்லை, ஏனென்றால் தினமும் முகர்கிற வாசம் அது. எங்கள் ஊரில் காட்டுக்குப் போகிற எல்லாரும் இலையில் கட்டி எடுத்துப் போகும் மாவு உருண்டை. மதியம் தண்ணீரில் கரைத்தால் கூழ். பிறகுதான் உறைத்தது.

"மேடம், இது படையல் கூழ் இல்ல."

"எப்படி?"

"சுண்ணாம்பு. நாம சாப்பிடற சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேக வெப்போம், தோல் உரியறதுக்கு. தெய்வத்துக்கு வெக்கறதுல சுண்ணாம்பு படக்கூடாது. வெறும் தண்ணியில வேக வெக்கணும். சுண்ணாம்பு பட்டா அது மனுஷன் சோறு. பூசாரி சாகற நிலைமையில இருந்தாலும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டார்." எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அவர் விடுதலை, மேடம்! யாரோ தெரியாதவன் ஜோடிச்சிருக்கான்."

மேடம் சிரிக்கவில்லை.

"எனக்கு இது தெரியாது, சாயோ" என்றார் மெதுவாக. "நானும் இந்த மண்ணுலதான் பொறந்தேன். எங்க அப்பா வருஷா வருஷம் படையல் போட்டார். எனக்குத் தெரியல. ஏன்?"

"பொம்பளைங்க அங்க வரக்கூடாதே. காட்டுலயே ஆம்பளைங்க சமைச்சு, ஆம்பளைங்க வெச்சு…"

"தூரத்துலேருந்து குடுவை தெரியும். மெழுகுவர்த்தி தெரியும், சாம்பிராணி வாசம் வரும். உள்ள என்னன்னு மட்டும் தெரியாது. டவுன்காரனுக்குக் குடுவையே தெரியாது. ஊர் ஆம்பளைக்குச் சுண்ணாம்பு தெரியும். வெளியில தெரிஞ்சு உள்ள தெரியாதது யாருக்கு? எனக்கு. என்னை மாதிரி ஒருத்திக்கு. நான் பண்ணியிருந்தாலும் இதே தப்பைத்தான் பண்ணியிருப்பேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"நெய்தியா? அவளே வெச்சாளா? தனக்குத்தானே?"

மேடம் செல்போனை நீட்டினார். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் வந்த ஒரு மான்டெர்ரே நகரத்து அம்மாள் அனுப்பிய படங்கள். கோயிலுக்குள் இருட்டறை. நெய்தி டார்ச் அடித்துச் சுவர் ஓவியத்தைக் காட்டுகிறாள். முகத்தில் பெரிய கூலிங்கிளாஸ்.

"இருட்டுல கறுப்புக் கண்ணாடி எதுக்கு, சாயோ?"

நான் ஜோக் அடிக்கவில்லை. என் அக்காவும் ஒரு காலத்தில் ராத்திரியில் கூலிங்கிளாஸ் போட்டிருக்கிறாள்.

"தொப்பியைக் கிணத்து விளிம்புல போட்டா எல்லாரும் கிணத்தைத் தேடுவாங்க" என்றார் மேடம். "குடுவையைப் பாதையில வெச்சா எவனும் பாதையில வர மாட்டான். உன் காலே சாட்சி. படையல் இல்ல அது, தாழ்ப்பாள். தன் மத்தியானச் சாப்பாட்டைக் கரைச்சு ஊத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டு ஓடியிருக்கா."

"அப்ப அவளைத் தேடச் சொல்லி நம்மளை அனுப்பினவன்…"

"ஆமா. உடம்பு கெடச்சா அவனுக்கு நிம்மதி. உயிரோட கெடச்சா அவனுக்கே குடுத்துடுவோம்னு நெனைக்கறான்."

மணி ஒன்று. வெளியே ஓலைக் கொட்டகையில் சுற்றுலாக் கூட்டம் குழியில் சுட்ட பன்றி இறைச்சி சாப்பிட உட்கார்ந்திருந்தது. ரெனான் மேசை மேசையாகப் போய்க் கதையைத் தொடர்ந்துகொண்டிருந்தான்.

லாக்கப், அலுவலகத்துக்குப் பின்சுவர். கம்பிக்குப் பின்னால் சிப்ரியானோ பலாம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, விறகு வெட்டிக் காய்த்த கை. இரண்டு நாளாக அவர் போலீஸிடம் சொன்ன ஒரே வார்த்தை 'நான் இல்ல'.

"பூசாரியே, அந்தக் குடுவையை உங்ககிட்ட காட்டினாங்களா?" என்றார் மேடம்.

"காட்டினாங்க."

"இலையைத் தூக்கி?"

"மூக்குகிட்ட கொண்டாந்து காட்டினான் அந்தப் போலீஸ்காரன்."

"அப்ப உங்களுக்குச் சுண்ணாம்பு தெரிஞ்சிருக்கும்."

சிப்ரியானோ தரையைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊரே உங்க பக்கம் நின்னிருக்கும். 'இது என் கை இல்ல, மோந்து பாருங்கடா'ன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பீங்க. ஏன் சொல்லல?"

ஒரு ஈ அவர் முழங்காலில் உட்கார்ந்தது, அதைக்கூட விரட்டவில்லை.

"நான் சொல்லட்டுமா? உங்க கை இல்லேன்னா யாரு கைன்னு அடுத்த கேள்வி வரும். செவ்வாய்க்கிழமை நீங்க விறகோட அந்தப் பாதையிலதான் வந்தீங்க. குடுவையைப் பாத்தீங்க, மோந்தீங்க, பொய்ப் படையல்னு தெரிஞ்சு தாண்டினீங்க. தாண்டினது நீங்க ஒருத்தர்தான். அந்தப் பக்கம் யாரு இருந்தா?"

"அம்மா." அவர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "உங்களை அனுப்பினது அந்த ஆளு. நீங்க அவன் வேன்லதான் வந்தீங்க. நான் எதுவும் பேச மாட்டேன். கெளம்புங்க."

"மூணு மணிக்கு வண்டி வருது."

"வரட்டும்."

"முப்பது வருஷம், பூசாரியே."

"வெள்ளிக்கிழமை படையல் வெக்கணும். அதுதான் வருத்தம். வேற ஆளு இல்ல." அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அந்தக் கம்பியை உடைக்க வேண்டும் போல இருந்தது. ஒரு பெண்ணோடு பத்துப் பேர் முன்னால் சண்டை போட்ட மனுஷன், அவளுக்காக முப்பது வருஷத்தைத் தூக்கிக் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். அவளைக் கண்டுபிடித்தால் அவர் வெளியே வருவார், ஆனால் அவள் ரெனான் கையில் விழுவாள். விட்டுவிட்டால் இவர் போவார்.

"யாராவது ஒருத்தரை விக்கணுமா, மேடம்?"

"விக்கறது நம்ம வேலை இல்ல. நட."

பூசாரி வீட்டில் அவர் மனைவி பௌலா அடுப்பில் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. பிள்ளைகள் இருவருக்கும் கான்குன் நகர ஓட்டல்களில் வேலை. புருஷன் லாக்கப்பில். ஆனால் பின்கட்டில் படுத்துக்கொள்ள இரண்டு வலை ஊஞ்சல்கள் கட்டியிருந்தன, ஒன்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கம்புச் சுவருக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்குவது எனக்கே கேட்டது.

மேடம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"குடிக்கத் தண்ணி குடு, பௌலா. நான் யாரையும் தேடி வரல. யாரையும் பாக்கல. சாயோ, நீ யாரையாவது பாத்தே?"

"எனக்கு ரெண்டு கண்ணும் மங்கல், மேடம். தவளையா இருந்ததுலேருந்தே."

"எனக்குள்ளயே ஒண்ணு பேசிக்கறேன், பௌலா, நீ கண்டுக்காதே." மேடம் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சற்று உரக்கப் பேசினார். "மூணு மணிக்கு மெரிடா வண்டி வந்து உன் புருஷனை ஏத்தப் போகுது. நரபலி கேஸ். ஒரு வார்த்தை சொன்னா வெளிய வந்துடலாம், மாட்டேங்கறார்."

"அம்மா, வேண்டாம்…" பௌலாவின் முகம் வெளிறியது. "அவர் சொல்லக்கூடாதுன்னார். அவளுக்குத் தெரியக்கூடாதுன்னார்."

சுவருக்குப் பின்னால் ஊஞ்சல் கயிறு கிறீச்சிட்டது.

"விறகு வெட்டப் போயிருக்கார்னு சொன்னீங்களே, அக்கா?" என்றது ஒரு குரல். "ரெண்டு நாளா விறகு வெட்டறார்னுதானே சொன்னீங்க?"

பௌலா சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வர்றதும் வராததும் உன் இஷ்டம்" என்றார் மேடம் சுவரைப் பார்க்காமலே. "நான் கண்டுபிடிச்சேன்னு எவன்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவனுக்கு நான் குடுக்க வேண்டியது ஒண்ணுமே இல்ல. ஆனா பூசாரிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. நீ வந்தா தனியா நிக்க மாட்டே. அதை மட்டும் என்னால சொல்ல முடியும்."

நாங்கள் எழுந்து நடந்தோம். வழியில் மேடம் நாலு வீட்டுப் படலைத் தட்டி, பெண்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்டபோதும் சொல்லவில்லை.

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. பின்பக்கம் கம்பி அடித்த லாரி. இரண்டு போலீஸ்காரர்கள் சிப்ரியானோவைக் கைவிலங்கோடு கொண்டு வந்தார்கள். ஊரே கொட்டகையைச் சுற்றி நின்றது.

"இதோ பாருங்க!" ரெனான் சுற்றுலாக் கூட்டத்தை எழுப்பி வாசலுக்குக் கொண்டு வந்தான். "இவன்தான். ஆயிரம் வருஷம் ஆனாலும் இவங்க ரத்தம் மாறாது."

செல்போன்கள் உயர்ந்தன. சிப்ரியானோ லாரியின் பின்படியில் ஒரு காலை வைத்தார்.

நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு காலியாக இருந்தது. மேடத்தின் கையில் விதைப் பொட்டலம் கசங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. வெயில்ல நிக்காதீங்க. கேள்விகளைக் கடைசியில கேளுங்க."

தெளிவான, பழகிய வழிகாட்டிக் குரல். கொட்டகைக்குப் பின்புறமிருந்து வந்தது. நெய்தி கானுல் பௌலாவின் பூப்போட்ட அங்கியில் நடந்து வந்தாள். முகத்தில் கூலிங்கிளாஸ். அவளுக்கு இரண்டு பக்கமும் பௌலாவும் ஊர்ப் பெண்களும், ஒரு முப்பது பேர்.

ரெனானின் வாய் திறந்தபடி நின்றது. "நெய்தி… கண்ணு… உயிரோட…"

அவள் அவனைப் பார்க்கவில்லை. சுற்றுலாக்காரர்களைப் பார்த்தாள்.

"இன்னைக்குக் கடைசியா நீங்க பாக்க வேண்டியது இது" என்று கண்ணாடியைக் கழற்றினாள்.

இடது கண்ணைச் சுற்றிக் கறுப்பும் பச்சையும் மஞ்சளும். கூட்டத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள்.

"காலம், போன ஞாயித்துக்கிழமை." விரலால் கண்ணைச் சுட்டினாள். "கன்னத்துல இருக்கற தழும்பு அதுக்கு முந்தினது, ஈஸ்டர் சமயம். பேரு தெரியாத சிற்பி யாரும் செய்யல. செஞ்சவர் இதோ நிக்கறார், காலையில உங்க டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்தவர். இந்த ஊர்ல யாரும் யாரையும் பலி குடுக்கல. அந்தக் குடுவையை வெச்சது நான். இந்தப் பூசாரி என்னை ஒளிச்சு வெச்சார், அவ்வளவுதான். இப்ப படம் எடுத்துக்கலாம்."

பதினோரு செல்போன்களும் ஒரே நேரத்தில் ரெனான் பக்கம் திரும்பின.

அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். பெண்கள் நகரவில்லை. பின்னால் வைத்தான், அங்கே நான் நின்றேன்.

போலீஸ்காரர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். சிப்ரியானோவின் விலங்கைக் கழற்ற ஐந்து நிமிஷம் ஆனது, சாவியைத் தேடினார்களாம். பிறகு ரெனானிடம், "நீங்க ஒரு தடவை ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போயிடுங்க, சார். முன்னாடி ஏறிக்கோங்க" என்று ஓட்டுநர் பக்கத்துச் சீட்டின் கதவைத் திறந்துவிட்டார்.

பூசாரிக்குப் பின்பக்கக் கம்பி, இவனுக்கு முன்சீட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் மேடம் போய் அந்தக் கதவைச் சாத்தினார்.

"பின்பக்கம்தான் திறந்து வெச்சிருக்கீங்க, சார். அப்படியே ஏறட்டும்."

"அம்மா, நீங்க யாரு?"

"இவரோட துப்பறிவாளர். மனைவியைத் தேடித் தரச் சொன்னார், கெடச்சாச்சு."

முப்பது பெண்கள் லாரியைச் சுற்றி நின்றார்கள். யாரும் கத்தவில்லை, வழியும் விடவில்லை. கடைசியில் ரெனான் பின்படியில்தான் ஏறினான்.

எத்தனை நாள் உள்ளே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நெய்திக்கும் தெரிந்திருக்காது. லாரி திருப்பத்தில் மறையும்வரை அவள் கை பௌலாவின் கையை விடவில்லை. அப்புறம்தான் அழுதாள்.

சிப்ரியானோ மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். அவள் கண்ணைத் துடைத்தாள்.

"மன்னிச்சிடுங்க, ஐயா. உங்க மேல வரும்னு நான் நெனைக்கவே இல்ல. எப்படி வெக்கறதுன்னும் தெரியல. தப்பா வெச்சிட்டேன்."

"தப்புதான்" என்றார் அவர். "சுண்ணாம்பு போட்டுட்டே. நாளைக்குப் படையல்ல நான் அதுக்கும் சேத்து மன்னிப்புக் கேக்கணும்."

பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நாலு அடி போனவர் நின்று திரும்பினார்.

"ஆனா பாரு, சுண்ணாம்பு போட்டா அது மனுஷனுக்கு வெச்ச சோறு. அதான் சாமிக்கு முன்னாடி எங்க மூக்குக்கு எட்டிடுச்சு."